கமிட்டி நாற்காலிக்கு யார் தகுதி?

மார்ச் மாதம் முடிந்து ஆண்டுக் கணக்கு மூடப்பட்டதும், அமீர்பேட்டின் அடுக்குமாடி வீடுகளில் பொதுக்குழுக் கூட்டங்களின் பருவம் தொடங்குகிறது. லிப்டின் அருகிலும் வாட்ச்மேன் அறைக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் தேர்தல் என்று தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அதில் கண்டிருக்கும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் அதைப் பார்த்தும் பாராமலும் போகிறவர்களே அதிகம். சட்டமன்றத் தேர்தல் என்றால் டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள்கூட, தங்கள் தலைக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை யார் கவனிப்பது என்று முடிவு செய்யும் தேர்தலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கூட்டம் கூடிய பிறகுதான் தகராறு வருகிறது. ஒருவர் போட்டியிட எழுந்தால், "பத்திரம் உங்கள் பேரில் இல்லையே" என்கிறார் ஒருவர். "மூன்று மாத பாக்கி வைத்திருக்கிறீர்களே" என்கிறார் மற்றொருவர். "வாடகைக்கு இருப்பவருக்கு இங்கே என்ன பேச்சு?" என்று ஒரு குரல். "பெரிய உத்தியோகம் பார்த்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர் இருக்கட்டுமே" என்று இன்னொரு குரல். இவற்றில் எது சட்டம், எது வழக்கம், எது வெறும் வம்பு என்பது அங்கே கூடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் உரக்கப் பேசுகிறவர் ஜெயிக்கிறார். இந்த நிலை மாறவேண்டும்.

கமிட்டி என்பது அற்ப விஷயம் என்று எண்ணுவது தவறு. மாதந்தோறும் வசூலாகும் பராமரிப்புப் பணம் அதன் கையில் இருக்கிறது. லிப்ட் பழுது, மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம், குப்பை, கோடையில் போர்வெல் வற்றினால் டேங்கர் தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். 2021 ஜனவரியில், ஐதராபாத்தில் வீடொன்றுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீர் இலவசம் என்ற திட்டம் தொடங்கியது நினைவிருக்கும். அடுக்குமாடிக் கட்டிடங்களில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் ஆதார் எண்ணைக் கட்டிடத்தின் இணைப்பு எண்ணோடு சேர்க்கவேண்டும் என்று அப்போது நிபந்தனை வைக்கப்பட்டது. கட்டிடத்துக்கு இணைப்பு ஒன்று, வீடுகளோ பல. வீடு வீடாய் ஏறி இறங்கி, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கும் போன் செய்து இந்த வேலையை முடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒரு கமிட்டி இல்லாத கட்டிடத்தில் சலுகை எப்படிக் கைக்கு வரும்?

இனி சட்டத்தைப் பார்ப்போம். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 1987ஆம் ஆண்டில் அடுக்குமாடி வீடுகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2014 ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்தபோது அந்தச் சட்டம் புதிய மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டை வாங்குகிறவருக்கு மாடிப்படி, மொட்டை மாடி, நிலம் ஆகிய பொது இடங்களிலும் பங்கு உண்டு. அவற்றை நிர்வகிக்கச் சொந்தக்காரர்களின் சங்கம் வேண்டும். சங்கத்துக்குத் துணை விதிகள் வேண்டும் என்பது அதன் சாரம். இப்படி அமையும் சங்கங்கள் கூட்டுறவு முறையிலோ சாதாரணச் சங்கமாகவோ பதிவாகி வந்திருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1995ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 2001ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் என்று வழிகள் பல. எனவே ஒருவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "நம் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது?" என்பதே.

2016ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டுவந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் இதில் சேரும். வேறு உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடத்தில், பெரும்பான்மை வீடுகள் பதிவாகி மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்வது கட்டிடம் கட்டியவரின் கடமை என்று அது சொல்கிறது. சங்கம் அமைக்கும் வேலையில் பங்குகொள்வது வீடு வாங்கியவரின் கடமை என்றும் சொல்கிறது. ஆனால் கமிட்டியில் யார் உட்காரலாம் என்ற விவரத்துக்குள் அந்தச் சட்டம் போகவில்லை. அதைத் துணை விதிகளே தீர்மானிக்கின்றன.

இந்தத் துணை விதிகளின் வலிமையைப் பலர் உணரவில்லை. ஆமதாபாத்தில் பார்சி சமூகத்தினரின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் ஒன்று, பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று விதி வைத்திருந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2005ஆம் ஆண்டில் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கையெழுத்திட்டுச் சேர்ந்தவர்களை அவர்கள் ஒப்புக்கொண்ட விதி கட்டுப்படுத்தும் என்பது அந்தத் தீர்ப்பில் அடங்கிய பாடம். அந்தத் தீர்ப்பின் நியாய அநியாயம் தனி விவகாரம். வீட்டுப் பத்திரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர் துணை விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய அசட்டைத்தனம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கமிட்டிக்கு வரத் தகுதி என்று வழக்கமாக வைக்கப்படும் விதிகளில் நியாயமானவை சில உண்டு. பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். சங்கத்தின் உறுப்பினராக இருக்கவேண்டும். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவராகவோ திவாலானவராகவோ இருக்கக்கூடாது. சங்கத்துக்குப் பெயின்ட் அடிக்கவும் லிப்ட் பராமரிக்கவும் கான்டிராக்ட் எடுத்தவர் அந்தக் கான்டிராக்டைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. பில் கொடுப்பவரும் பில்லைப் பாஸ் செய்பவரும் ஒருவரே என்றால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பாக்கி இல்லாமை. இது இன்று நேற்று வந்த எண்ணமல்ல. வெள்ளையர் ஆட்சியில் 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சங்கப் பதிவுச் சட்டத்திலேயே, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டு இல்லை, அவரை உறுப்பினராக எண்ணவும் கூடாது என்று எழுதியிருக்கிறது. தன் பங்கைக் கட்டாதவர் பிறர் பங்கைச் செலவழிக்கும் அதிகாரம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கமிட்டியில் இருப்பவர்கள் தங்களை எதிர்க்கிறவரின் பெயரில் பழைய கணக்கில் ஏதேனும் ஒரு பாக்கியைத் தேர்தலுக்கு முதல் நாள் கண்டுபிடிப்பது நடக்கக்கூடிய காரியம். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டம் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. வீட்டு வசதிச் சங்க உறுப்பினருக்குப் பாக்கியைக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, அதன்பின் மூன்று மாதம் கடந்தும் கட்டாமல் இருந்தால்தான் அவர் பாக்கிதாரர். வாயால் சொன்ன பாக்கி எடுபடாது. அமீர்பேட்டின் சங்கங்களும் தங்கள் துணை விதிகளில் இத்தகைய வாசகத்தைச் சேர்த்துக்கொண்டால், கூட்டத்தன்று எழும் கூச்சல் பாதியாகக் குறையும்.

நியாயமற்ற தகுதிகளும் உண்டு. அவற்றில் முதலாவது படிப்பும் உத்தியோகமும். பட்டதாரி அல்லாதவர், கெஜட்டட் அதிகாரியாக இல்லாதவர் கமிட்டியை நடத்தமுடியாது என்ற எண்ணம், எழுதப்படாத விதியாகப் பல கட்டிடங்களில் நிலவுகிறது. இதற்கு நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஹரியானா அரசு 2015ஆம் ஆண்டில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் படிப்புத் தகுதி வைத்தது. பொதுப் பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பும், பெண்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் எட்டாம் வகுப்பும் தேறியிருக்கவேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் வார்டு உறுப்பினராக ஐந்தாம் வகுப்புப் போதும் என்றது. மின்கட்டண பாக்கியும் கூட்டுறவுக் கடன் பாக்கியும் தகுதிக் குறைவு என்றது. அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. ராஜஸ்தானும் படிப்புத் தகுதியைப் புகுத்தியிருந்தது. ஆனால் 2019ஆம் ஆண்டில் அதே ராஜஸ்தான் அதை நீக்கியது. வைத்த மாநிலமே எடுக்க நேர்ந்த விதி அது.

ஒரு கட்டிடத்தின் கமிட்டிக்கு என்ன படிப்பு வேண்டும்? வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ஒரு நோட்டில் ஒழுங்காக எழுதத் தெரியவேண்டும். ரசீது கேட்டு வாங்கத் தெரியவேண்டும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஆபீஸில் முப்பது வருஷம் ரிஜிஸ்டர் பார்த்த குமாஸ்தாவுக்கும், பட்டறையில் ஸ்டோர் கணக்கு வைத்த தொழிலாளிக்கும் இது கைவந்த கலை. மோட்டார் எரிந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், காயில் எரிந்ததா, கப்பாசிட்டர் போனதா என்று கேட்கத் தெரிந்த பிட்டர் ஒருவர், கட்டிடத்துக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடித்துக் கொடுப்பார். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துக்களைப் பார்த்து நாற்காலி கொடுப்பதும், கணக்கைக் கேட்கக் கூசுவதும் நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதாகும்.

மொழியும் இப்படியே. தெலுங்கு சரளமாகப் பேசவராது என்று தமிழர் தாமே ஒதுங்கிக்கொள்கிறார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை என்பதைப் பல இடங்களில் காணலாம். ஐதராபாத்தும் சிகந்தராபாத்தும் தெலுங்கும் உருதும் இந்தியும் மராத்தியும் தமிழும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து பழகிய ஊர்கள். நான்கு வார்த்தை தப்பாகப் பேசினாலும் நயமாகத் திருத்திப் பதில் சொல்லும் பண்பு இங்குள்ள மக்களுக்கு உண்டு. கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிட்டு, "நம்மை யார் மதிக்கிறார்கள்?" என்று குறைப்படுவதில் பொருளில்லை. பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தும் பழக்கம் இந்த விஷயத்தில் நம்மவரை விட்டுப் போகவேண்டும்.

பெண்களின் நிலையும் கவனிக்கற்பாலது. வங்கிக் கடனில் பெண்களுக்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையை எண்ணியோ, குடும்ப நலனை எண்ணியோ வீட்டை மனைவியின் பேரில் வாங்குகிறவர்கள் உண்டு. சட்டப்படி அந்த அம்மாளே உறுப்பினர்; கமிட்டிக்கு நிற்கும் தகுதியும் அவருக்கே. ஆனால் கூட்டத்தில் உட்காருவதும் கை தூக்குவதும் கணவர். துணை விதி இடம் கொடுத்தால் தவறில்லை. இடம் கொடுக்காதபோது அவர் போட்ட கையெழுத்து பின்னர் வழக்குக்குக் காரணமாகும். மகாராஷ்டிரத்தில் 2019ஆம் ஆண்டின் திருத்தம், உறுப்பினரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் குடும்பத்தினர் இணை உறுப்பினராகச் சேர வழி வைத்திருக்கிறது. அதுபோல் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. அதைவிட நல்லது அந்த அம்மாளே கமிட்டிக்கு வருவது. தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது என்பதை வீட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இரண்டு இடமும், தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினருக்கு ஓர் இடமும் ஒதுக்க 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வகை செய்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாமல் நிறைவேறியது என்பதற்காக, மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. முறை தவறியதால் சட்டம் விழுந்தது. நோக்கம் தவறு என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாததை ஒரு கட்டிடத்தார் தாமாகவே துணை விதியில் எழுதிக்கொள்ளத் தடை ஏது?

தகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தேர்தலுக்கு முந்திய தகுதியையே பேசுகிறார்கள். தேர்தலுக்குப் பிந்திய தகுதி ஒன்று உண்டு. அதைச் சொல்வது இந்த மண்ணில் பிறந்த சட்டமே என்பது பெருமைக்குரியது. அரசாங்கத்தின் பிடியைத் தளர்த்தி, உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவுக்கு வழிவகுத்த 1995ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டில் அந்த வகையில் முதலாவது. பின்னர் வேறு மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பதவிக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தாத இயக்குநர்கள், குறித்த காலத்தில் பொதுக்குழுவைக் கூட்டாதவர்கள், தணிக்கையான கணக்கைப் பொதுக்குழு முன் வைக்காதவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பதவிக்குத் தகுதி இழக்கிறார்கள் என்கிறது அது.

எவ்வளவு நேர்த்தியான அளவுகோல் இது! பட்டம், பதவி, மொழி எதையும் அது கேட்கவில்லை. கூட்டம் போட்டாயா, கணக்கு வைத்தாயா, காலத்தில் தேர்தல் நடத்தினாயா என்று மூன்றே கேள்வி கேட்கிறது. சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருந்தாலும் இந்த மூன்று கேள்விகளையும் துணை விதியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வருஷமாக ஒரே செயலாளர், கணக்கு அவர் பையில், கூட்டம் அவர் மனத்தில் என்றிருக்கும் கட்டிடங்களுக்கு இதுவே மருந்து.

கடைசியாக ஒரு பெரிய கேள்வி எஞ்சி நிற்கிறது. அமீர்பேட்டில் வாழும் தமிழர்களில் சொந்த வீட்டுக்காரர் எத்தனை பேர்? வாடகைக்கு இருப்பவர்கள்தாம் மிகுதி. ரயில்வேயிலும் வங்கியிலும் கம்பெனிகளிலும் மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள், மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள கம்ப்யூட்டர் வகுப்புகளுக்கு வந்து பிறகு இங்கேயே வேலையில் அமர்ந்த இளைஞர்கள், கடைச் சிப்பந்திகள் என்று பலர். 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அமீர்பேட் இரண்டு பாதைகள் கூடும் சந்திப்பாகிவிட்டது. சொந்தக்காரர் வெளிநாட்டில்; வீட்டில் வாடகைக் குடித்தனம். இப்படிப் பாதி வீடுகள் உள்ள கட்டிடங்கள் பல. மாதாந்திரப் பராமரிப்புப் பணத்தைக் கட்டுவது வாடகைக்காரர். லிப்ட் நின்றால் படி ஏறுவதும் அவர். கூட்டத்தில் வாய் திறக்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

சட்டம் அவருக்குச் சாதகமாக இல்லை என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீடு ஒதுக்கப்பட்டவர் யார் என்று வரையறுக்கும்போதே, வாடகைக்கு எடுத்தவர் அதில் சேரமாட்டார் என்று சொல்லிவிடுகிறது. கட்டிடத்தை இடித்துக் கட்டுவது, நிலத்தைப் பற்றி முடிவு செய்வது போன்ற காரியங்களில் முதல் போட்டவருக்கே ஓட்டு என்பதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் தண்ணீர், குப்பை, காவல், லிப்ட் ஆகியவற்றில் வாடகைக்காரரின் குரலைக் கேட்பதால் சொந்தக்காரருக்கு என்ன நஷ்டம்?

தமிழர் பலர் குடியேறியுள்ள ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கே 2015ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டப்படி, ஒரு கட்டிடத்தில் பாதிக்குக் குறையாத வீடுகளில் வாடகைக் குடித்தனம் இருந்தால், வாடகைக்காரர்கள் தங்களில் ஒருவரைக் கமிட்டிக்குப் பிரதிநிதியாக அனுப்பலாம். அவருக்கு ஓட்டு கிடையாது; சில விஷயங்களைப் பேசும்போது அவரை வெளியே இருக்கச் சொல்லவும் செய்யலாம். ஆனாலும் அவர் அங்கே உட்காருகிறார், கேட்கிறார், சொல்கிறார். சொந்தக்காரரின் உரிமைக்கும் ஊறு இல்லை. குடியிருப்பவரின் குறையும் கேட்கப்படுகிறது. தெலங்கானா அரசு அடுக்குமாடிச் சட்டத்தைத் திருத்தும் வேளை வரும்போது இத்தகைய பிரிவு ஒன்றைச் சேர்ப்பது வரவேற்கத்தக்கது. அதுவரை காத்திராமல், நல்லெண்ணமுள்ள கமிட்டிகள் வாடகைக்காரர் ஒருவரை ஓட்டில்லா உறுப்பினராக அழைத்து உட்காரவைக்கலாம்.

நம்மவர்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. சொந்தக்காரராக இருப்பவர், சங்கத்தின் பதிவு எண்ணையும் துணை விதிகளின் நகலையும் செயலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பராமரிப்புப் பணம் கட்டும்போதெல்லாம் ரசீது வாங்கட்டும்; போனில் அனுப்பிய பணத்துக்கும் ரசீது உண்டு. வாடகைக்காரர், ஒப்பந்தம் எழுதும்போதே பராமரிப்புப் பணம் யார் கட்டுவது, யார் பேரில் வரவு வைப்பது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும். அவர் கட்டத் தவறினால் சொந்தக்காரரின் தகுதியே போய்விடும் என்பதையும் மறக்கவேண்டாம். தகராறு முற்றினால் அதற்கும் வழி இருக்கிறது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் என்றால் மத்தியஸ்தத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகலாம். ஆனால் கோர்ட் படி ஏறுவது கடைசிப் படியாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் கூடி, பொதுப் பணத்தை நாணயமாகச் செலவழித்து, வருஷம் ஒருமுறை கணக்குச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவதே கமிட்டி. அதற்கு வேண்டிய தகுதி பாக்கியில்லாத கணக்கும் பதில் சொல்லும் மனமும். இரண்டும் உள்ளவர்கள் எளிய உத்தியோகத்தில் இருக்கும் தமிழர்களிடையே நிறையவே இருக்கிறார்கள். அடுத்த நோட்டீஸ் ஒட்டப்படும்போது அவர்கள் நின்று அதைப் படிப்பார்களாக. படித்ததோடு நில்லாமல், கூட்டத்தன்று நேரத்துக்குப் போய் உட்காருவார்களாக.